மைதா மாவில் ஒரு கடல்

அந்தத் தார் ஷீட் கொட்டகையில் என்னோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து மாவு உருட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் எல்லோரிலும் நல்ல நண்டு செய்தவள் நான்தான். சண்டைக்கு வரவேண்டாம். இருபது வருடம் ஓடிவிட்டது. நம்மில் ஒருத்தியின் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள், ஒருத்தன் மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறான், நான் முன்தலை நரைக்குச் சாயம் பூசுகிறேன். முப்பதுதானே ஆகிறது என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். உப்புக்காற்றில் வளர்ந்த உடம்புக்கு அது ஐம்பது.

போன மாதம் என் மகனின் எல்.கே.ஜி. மிஸ் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். அடுத்த வாரம் கடல் வாரமாம். பிள்ளைகள் வீட்டிலேயே ப்ளே டோ வைத்து மீன், ஆக்டோபஸ் எல்லாம் செய்து அட்டையில் ஒட்டிக்கொண்டு வரவேண்டுமாம். கடையில் ஆறு கலர் டப்பா வாங்கி வந்தேன். மூடியைத் திறந்தால் வெனிலா வாசனை. நம்முடைய மாவு அப்படியா இருந்தது? அரைவேக்காட்டுச் சப்பாத்தியும் நல்லெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த வாசனை அல்லவா அது? மகனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். அழுது முடித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊரெல்லாம் சுனாமி என்றது. நாம் அலை என்றுதான் சொன்னோம், இப்போதும் எனக்கு அது அலைதான். என் அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தார்கள். பாத்தியில் விளைந்த உப்பை அப்பா பலகையால் வாருவார், அம்மா கூடையில் அள்ளித் தலையில் வைத்துப் போய் வரப்பில் கொட்டுவாள். மார்கழியில் அளத்தில் வேலை கிடையாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கரையில் மீன் மலிவாகக் கிடைக்கும் என்று அம்மா காலையிலேயே கூடையோடு போனாள். நண்டு வாங்கி வா என்று நான்தான் பின்னாலிருந்து கத்தினேன்.

மூன்றாம் நாள் அம்மா கிடைத்தாள். சவுக்குத் தோப்பு ஓரமாக மற்றவர்களோடு வரிசையாகப் புதைத்தார்கள். பிள்ளைகளையெல்லாம் கல்யாண மண்டபத்தில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள், ஒருவரையும் பார்க்க விடவில்லை. என் தம்பிக்கு அப்போது நாலு வயது. அம்மா எங்கே, அம்மா எங்கே என்று மண்டபம் முழுக்க நச்சரித்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பாயில் இருந்த ஒரு மாமா, பாவம் அவரும் வீடு வாசலைப் பறிகொடுத்தவர், "கடல் இட்டுக்கினு போயிருக்குதுடா, கொண்டாந்து வுட்டுடும்" என்று சொல்லிவிட்டார். சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டு உண்மையாகிப்போனது.

அப்பா அன்று சாயங்காலம் என்னை மட்டும் மண்டபத்துப் பின்பக்கம் கூப்பிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னார். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "வருசம் திரும்பற வரைக்கும் அவன் கிட்ட சொல்லாத பாப்பா. சின்னப் புள்ள, தாங்க மாட்டான்" என்றார். சரி என்றேன். எனக்கு ஒன்பது வயது. நான் தாங்குவேன் என்று யார் முடிவு செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மண்டபத்திலிருந்து கொட்டகைக்கு வந்தோம். வரிசையாகக் கறுப்புத் தார் ஷீட்டில் போட்டுக் கொடுத்த கொட்டகைகள், ஞாபகம் இருக்கிறதா? பத்து மணிக்கே உள்ளே உட்கார முடியாது, தலைக்குமேல் தார் உருகும். எங்களைப் பார்த்துக்கொள்ளப் பெருமுக்கலிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் முறுக்கு அச்சும் கொண்டுவந்தாள். அந்த நிலைமையில் எதற்கு முறுக்கு அச்சு என்று யாரும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் மாவு டீச்சர் வந்தாள். குயிலாப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு மொபெட்டில், பின்னால் மைதா மூட்டையைக் கட்டிக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் வருவாள். கடைசிக் கொட்டகை எங்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு அலுமினியக் குண்டான். ரெண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு உப்பு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, தண்ணீர். கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டே இருந்தால் களி மாதிரி திரண்டு வரும். சூடு ஆறினதும் உருண்டை பிடித்துக் கலர் ஊற்றிப் பிசையக் கொடுப்பாள். நம் விரலெல்லாம் ரெண்டு நாளைக்குக் கேசரிக் கலரில் இருக்கும்.

அத்தை முதல் நாளே சண்டைக்குப் போய்விட்டாள். "ஏம்மா டீச்சரு, திங்கிற மாவக் கொட்டியா வெளாட்டு? இங்க புள்ளைங்களுக்கு ரொட்டி சுட மாவு இல்ல" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே பயம் வந்துவிட்டது, கையால் பிசைந்து விளையாடினால் பயம் தெளியும் என்று மெதுவாகச் சொன்னாள். அத்தைக்கு அது புரிந்ததோ இல்லையோ, அடுத்த செவ்வாய்க்கிழமை முறுக்கு அச்சைக் கொண்டுவந்து டீச்சர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

பயம் என்று டீச்சர் சொன்னது பொய்யில்லை. அவள் ஒரு நீலத் துணியைத் தரையில் விரித்து, இதுதான் கடல், யார் முதலில் மீன் விடுகிறீர்கள் என்று கேட்டாள். நாம் எல்லோரும் பின்னால் நகர்ந்து தார் ஷீட்டில் முதுகை ஒட்டிக்கொண்டோம். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள். டீச்சர் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, கரையில் இருக்கிற நண்டு மட்டும் செய்யலாம் என்றாள். துடைப்பக் குச்சியை ஒடித்துக் காலாகச் செருகி, மிளகைக் கண்ணாக வைத்து நான் செய்த நண்டு அன்றுதான் பிறந்தது. வாரம் ஒரு சாண் என்று அந்தத் துணி விரிந்தது. மாசி கடைசியில் முழுக் கடலும் தரையில் கிடந்தது.

அப்புறம் நாம் போட்ட ஆட்டம் கொஞ்சமா? சோடா மூடியால் அழுத்தினால் மீனுக்குச் செதில் வந்துவிடும். பச்சை மாவை முறுக்கு அச்சில் பிழிந்தால் கடல்பாசி. அதையே வெள்ளை மாவில் பிழிந்து மேலே ஒரு குடை கவிழ்த்தால் சொறிமீன், டீச்சர் பாஷையில் ஜெல்லி ஃபிஷ். டீச்சர் செய்த மீனைப் பார்த்து மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். வஞ்சிரமும் இல்லை, சங்கராவும் இல்லை, இது எந்தக் கடல் மீன் டீச்சர் என்று கேட்டு அவளைப் பாடாய்ப் படுத்தினார்கள். உப்பளத்துப் பிள்ளைகளான எங்களுக்கு மீன் பெயர் பாதி தெரியாது, அதற்கும் கேலி. நீலக் கலர் எப்போதும் முதலில் தீர்ந்துபோகும். ஆக்டோபஸை யாரும் பார்த்ததில்லை, அதனால் அதை மட்டும் எல்லோரும் ஒற்றுமையாகத் தப்பாகச் செய்தோம்.

என் தம்பி முதல் மாதம் மாவைத் தொடவே இல்லை. ஒருநாள் கலர் போடாத வெள்ளை மாவு ஒரு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனான். ரொம்ப நேரம் கழித்து எதையோ கொண்டுவந்து துணிக்கு நடுவில், கடலின் ஆழத்தில் வைத்தான். ஒரு தடித்த உடம்பு, மேலே அகலமாக ஒரு வட்டம், ரெண்டு மிளகு. டீச்சர் கைதட்டினாள். சூப்பர் ஆமை என்று சொல்லி எல்லோரிடமும் காட்டினாள். அத்தையும் வந்து பார்த்துவிட்டு, ஆமை வீட்டுக்கு ஆகாது, வேற எதாவது செய்யக்கூடாதா என்றாள்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் புடவைக்குமேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்திருப்பார்கள். அந்த வட்டம் ஓடில்லை, சும்மாடு. நான் குனிந்து அவன் காதில் ஆமையா என்று கேட்டேன். "ஆம இல்ல. அம்மா" என்றான். யாரிடமும் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை, அவனாகவே யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அம்மாவுக்கு ஏதாவது சேர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டில் செய்தான். ஒரு பானை, ஒரு விளக்கு, ஒரு சின்ன அடுப்பு. தண்ணிக்குள் அடுப்பு எப்படி எரியும் என்று ஒருத்தன் கேட்டதற்கு அவனை அடிக்கப் போனான். என் நண்டைக் கேட்டு வாங்கி வாசலில் காவலுக்கு வைத்தான். ஆக்டோபஸ் ஒன்று செய்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினான். "எட்டு கை இருக்குதில்ல, அம்மாவுக்குத் தல சீவி வுடும்" என்று எனக்கு விளக்கம் வேறு. டீச்சர் பூரித்துப்போனாள். இந்தக் குழந்தைக்குப் பயம் தெளிந்துவிட்டது, என்ன கற்பனை பாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அப்பாவுக்கும் சந்தோஷம்தான். அலைக்கு அப்புறம் அவர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அப்பா அந்தத் தப்பைச் செய்தார். அலை கொண்டுவந்து போட்ட சேற்றை அள்ளி, பாத்தியை மிதித்து, அளத்தை மறுபடி சீர்செய்யவே பங்குனி ஆகிவிட்டது. சித்திரையில் முதல் உப்பு விளைந்தது. அதே சமயம் டீச்சரிடம் பாக்கெட் உப்பு தீர்ந்திருந்தது. "உப்பளத்துக்காரன் புள்ளைங்க பாக்கெட் உப்புலயா வெளாடறது?" என்று சொல்லிவிட்டு அப்பா வாரின கையோடு ஒரு பை உப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். வாரின உப்பை நாள் கணக்கில் வரப்பில் குவித்துப் போட்டுக் கசப்புத் தண்ணீர் முழுக்க வடிந்த பிறகுதான் எடுக்கவேண்டும். பச்சை உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்துத் தண்ணீர் விடும். சின்ன வயதிலிருந்தே அளத்தில் கிடந்தவர், அவருக்கா தெரியாது? மகனுக்குக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை, அந்த அவசரம்.

அந்த மாவு காயவே இல்லை. மீனெல்லாம் வியர்த்தது, பாசி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. தம்பி அந்த மாவில் அம்மாவைப் புதிதாக, பெரிதாகச் செய்து, தட்டில் வைத்து எங்கள் கொட்டகைக்கே கொண்டுவந்திருந்தான். மறுநாள் காலையில் பார்த்தால் தட்டில் தண்ணீர் நிற்கிறது, அம்மா இடுப்புக்குக் கீழே குழைந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா வேலைக்குப் போய்விட்டார், அத்தை குழாயடியில் இருந்தாள். தம்பி தட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றான்.

"அக்கா, அம்மா தண்ணிக்குள்ளயே இருக்குதே. இத மாரி கரைஞ்சி பூடுமா?"

நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அத்தையைக் கேள் என்று தட்டிக்கழித்திருக்கலாம். "கரையும்" என்றேன். மழை பெய்தால் என்று கேட்டான். மழை பெய்தால் இன்னும் சீக்கிரம் கரையும் என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னேன். அவனுக்குக் கட்டிலும் விளக்கும் அடுப்புமாக ஒரு அம்மா இருந்தாள். எனக்கு இல்லை. அவனுக்குக் கொடுத்த அந்த அம்மாவை எனக்கும் கொஞ்சம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு. ஐயோ, நாலு வயதுக் குழந்தையிடமா அதைக் காட்டுவேன்? காட்டினேன்.

அவன் அழவில்லை. தட்டைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அம்மாவை நிமிர்த்தி உட்காரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே கோடைமழை வந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், மேற்கே கருகருவென்று கட்டிக்கொண்டு காற்று கிளம்பியது. உப்பளத்து ஊரில் மழை என்றால் எல்லோரும் போட்டது போட்டபடி அளத்துக்கு ஓடுவோம். வரப்பில் குவித்த உப்பை ஓலைக்கீற்றால் மூடி, மேலே கயிறு போட்டு இறுக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஒரு மாதத்து உழைப்பு அரை மணியில் கரைந்து ஓடிவிடும். அத்தை என்னிடம் தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஓடினாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீ இங்கேயே இரு என்று அவனிடம் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

பத்து கீற்று தூக்கிக் கொடுத்திருப்பேன். மனசு கேட்காமல் கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். வாசலில் கதவுக்குப் பதிலாகக் கட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் ஷீட்டைக் காணோம். தம்பியையும் காணோம். எங்கே போயிருப்பான் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஊர் மொத்தமும் மேற்கே அளத்துக்கு ஓடியிருந்தது. அவன் கிழக்கே போயிருந்தான்.

மறுபடி அளத்துக்கு ஓடி வரப்பில் நின்று கத்தினேன். அப்பா தன் பொறுப்பில் இருந்த குவியல்களில் ரெண்டைத்தான் மூடியிருந்தார், இன்னும் மூன்று கிடந்தது. கையிலிருந்த கீற்றைக் கீழே போட்டார். என் முகத்தைப் பார்த்தே ஓட ஆரம்பித்துவிட்டார். அலைக்கு அப்புறம் அவர் கரைப்பக்கம் போனதே கிடையாது. நானும் போனது கிடையாது. தோப்பைத் தாண்டி மணலில் இறங்கும்போது அவர் கால் ஒருதரம் நின்றது, பிறகு ஓடியது.

தண்ணீர் வந்து வந்து தொடுகிற இடத்தில் அந்த மஞ்சள் ஷீட்டை விரித்து, அதன்மேல் கையும் காலும் அகட்டிக் குப்புறப் படுத்திருந்தான் தம்பி. காற்று ஷீட்டைத் தூக்கப் பார்த்தது, அவன் உடம்பால் அழுத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அலைக்கும் அவன் பாதி நனைந்தான். எங்களைப் பார்த்ததும் உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்ற நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பக்கம் புடிப்பா. பறந்துக்கினே இருக்குது. அம்மா நனையிது."

அப்பா அவனை ஷீட்டோடு சேர்த்து வாரி எடுத்துக்கொண்டார். அவன் திமிறினான், உதைத்தான், அம்மா கரைஞ்சிடும் விடு விடு என்று அலறினான். அப்பா அவனை மார்போடு இறுக்கிக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மழை அப்போது நன்றாகப் பிடித்துவிட்டது.

அங்கே வரிசையாக மணல் மேடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சவுக்குக் கட்டை. நாலு மாதத்தில் மேடெல்லாம் காற்றில் கரைந்து, பார்த்தால் தெரியாத அளவுக்குத் தட்டையாகியிருந்தன. அப்பா நேராக ஒன்றின் முன்னால் போய் நின்றார். தம்பியைக் கீழே இறக்கிவிட்டு அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அம்மா கடல்ல இல்லடா. செத்துப்போச்சி. இங்கதான் பொதைச்சிருக்குது" என்றார். வருடம் திரும்ப இன்னும் எட்டு மாதம் இருந்தது.

தம்பி மணலைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவனுக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் பெரியவனான பிறகு கேட்டபோது தனக்கு எதுவுமே நினைவில்லை என்றுதான் சொன்னான். அன்று அவன் அப்பாவின் தோளில் கிடந்த ஷீட்டைப் பிடித்து இழுத்தான். "அப்ப இங்க போடு. அக்கா சொன்னிச்சி, மழ பேஞ்சா சீக்கிரமா கரைஞ்சிடும்னு" என்றான்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இத்தனை வருடம் அந்தப் பார்வையைச் சுமந்திருக்க மாட்டேன். அவர் எழுந்து ஷீட்டை உதறி மேட்டின்மேல் விரித்தார். காற்று உடனே அதைத் தூக்கியது. வைக்க ஒரு கல் இல்லை, சுற்றிலும் வெறும் மணல். அப்பா தலைமாட்டில் ஒரு மூலையை இழுத்து அதன்மேல் உட்கார்ந்தார். தம்பி ஓடிப்போய்க் கால்மாட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நீ அந்த மூலைல உக்காரு பாப்பா" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்து அழுதது அப்போதுதான்.

உட்கார்ந்தேன். அளத்தில் எங்கள் மூன்று குவியலும் கரைந்துகொண்டிருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் எழுந்திருக்கவில்லை. நாலாவது மூலையில் உட்கார ஆள் இல்லை. மழை விடும்வரை அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.